வேதாளம் மறுபடியும் மரம் ஏறட்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுவையின் வடகோடியில் இருக்கும் கனகசெட்டிக்குளம் போன்ற மீனவக் கிராமங்கள் இப்படிப்பட்ட இரவுகளை நன்றாக அறிந்தவை. படகை மேட்டுக்கு இழுத்து வைத்தாயிற்று, வலையை உள்ளே போட்டாயிற்று, மின்சாரம் போயிற்று. இனி விடியும்வரை காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2004 சுனாமியையும் 2011 டிசம்பரில் அடித்த தானே புயலையும் பார்த்த கரைக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளமானது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியொரு இரவில் டார்ச் வெளிச்சத்தில் புத்தகம் எடுப்பவர் எதை எடுப்பார்? புதிதாக வாங்கி, இன்னும் பிரிக்காத நாவலை எடுப்பவர்கள் குறைவு. முனை மடங்கி, அட்டை கிழிந்து, எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று மனப்பாடமாகிவிட்ட பழைய புத்தகத்தைத்தான் கை தேடும். அதிலும் ஒரு விந்தை: பலரும் அப்போது தேடும் கதையில் சுடுகாடு இருக்கிறது, பிணம் இருக்கிறது, பிணத்துக்குள் குடியிருக்கும் பேய் இருக்கிறது. வெளியே உண்மையான ஆபத்து உறுமும்போது ஒரு பேய்க்கதை எப்படி ஆறுதல் ஆகும்? ஏற்கெனவே படித்த கதையை மறுபடி படிப்பதில் மனத்துக்கு என்ன கிடைக்கிறது? கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக உளவியலும் மூளை அறிவியலும் இந்தக் கேள்விகளுக்குத் தந்திருக்கும் விடைகள், மறுவாசிப்பைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களை யோசிக்க வைக்கும்.

பழகிய பேய்

தமிழர்களுக்கு மிகவும் பழகிய பேய் வேதாளம். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகரம்’ என்னும் பெருநூலுக்குள் வேதாளக் கதைகள் ஒரு தொகுதியாகவே இருக்கின்றன. தமிழில் வழங்கிய வேதாளக் கதையை பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கிலமாக்கி 1831-இல் வெளியிட்டார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822-இல் லண்டனில் அச்சிட்டவரும் இவரே. 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் இதே கதைகளைத் தம் பாணியில் எழுதி, வேதாளத்தை ஐரோப்பாவின் ரத்தக்காட்டேரியாகவே தலைப்பில் அறிமுகப்படுத்தினார். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா பிரபு பிறந்தது அதற்கும் பின்னால், 1897-இல்தான்.

தமிழ்நாட்டிலும் புதுவையிலும் இந்தக் கதை இரண்டு வழிகளில் வீட்டுக்குள் வந்தது. ஒன்று, சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’. மற்றொன்று, 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா. அதில் வேதாளக் கதைக்குச் சங்கர் (1924–2020) வரைந்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். ஒரு கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், பின்னால் வளைந்து நெளிந்த மரம், காலடியில் மண்டையோடுகள். விக்கிரமாதித்த ராஜாவின் முகத்தில் மட்டும் துளி பயம் இருக்காது. மாதம் மாறும், கதை மாறும், ஆனால் அந்த நடை மாறாது. தொடக்கமும் முடிவும் எப்போதும் ஒன்றுதான்: ராஜா மரமேறிப் பிணத்தை இறக்குவார், வேதாளம் கதை சொல்லும், புதிர் போடும், ராஜா வாயைத் திறப்பார், வேதாளம் பிணத்தோடு பறந்துபோய் மறுபடியும் முருங்கை மரத்தில் தொங்கும்.

இது பயமுறுத்தும் கதையா, சிரிக்க வைக்கும் கதையா? இரண்டும்தான். உலகையே ஆண்ட ஒருவர் ஒரு பிணத்தின் வாய்ச்சவடாலுக்கு முன்னால் திக்குமுக்காடுகிறார். விடை தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை சுக்குநூறாகும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் தப்பிவிடும். எப்படிப் போனாலும் ராஜாவுக்குத் தோல்விதான். அவர் சலிக்காமல் திரும்பிப் போய் மரம் ஏறுவதைப் பார்க்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, அவர்மேல் ஒரு பிரியமும் வருகிறது. இந்தக் கதையை அறிந்த யாரும் அடுத்து என்ன நடக்கும் என்பதற்காக அதைப் படிப்பதில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற உறுதிக்காகப் படிக்கிறார்கள்.

மூளை போடும் முன்கணக்கு

அந்த உறுதி ஏன் மனத்துக்கு இதமாக இருக்கிறது? மூளையின் முக்கிய வேலைகளில் ஒன்று, அடுத்த நொடியில் என்ன வரும் என்று முன்கூட்டியே கணிப்பது. கணிப்பும் நிகழ்வும் ஒத்துப்போனால் வேலை சுலபம். ஒத்துப்போகாவிட்டால் கவனத்தைத் திரட்டி, கணிப்பைத் திருத்தி, மறுபடி தயாராக வேண்டும். கவலை மிகுந்த நேரத்தில் இந்தத் திருத்த வேலை ஓய்வதே இல்லை. காற்று வலுக்கிறதா, தண்ணீர் ஏறுகிறதா, பரிசோதனை முடிவு என்னவாகும் என்று மனம் கணித்துக்கொண்டே இருக்கிறது; எந்தக் கணிப்பும் உறுதியாவதில்லை. அந்த நேரத்தில் அறிமுகமில்லாத பாத்திரங்களும் புதுத் திருப்பங்களும் நிறைந்த நாவல் இன்னொரு சுமைதான். அறிந்த கதையோ மூளையின் கணிப்புகளை ஒவ்வொரு வரியிலும் மெய்ப்பித்துக்கொண்டே போகிறது. கரையருகே அலை எங்கே உடையும் என்று தெரிந்த மீனவர், அந்த இடத்தைத் தாண்டும்போது துடுப்பை ஆவேசமாக இழுக்காமல் அலையின் தாளத்தோடு சேர்ந்தே இழுப்பார். தெரிந்த பக்கங்களில் வாசகரின் மனமும் அப்படித்தான் போகிறது.

இதைக் கண்ணின் அசைவிலேயே பார்க்கலாம். நாம் படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு சொல்லில் ஏறக்குறைய கால் நொடி நிற்கிறது, பிறகு தாவி அடுத்த இடத்தில் நிற்கிறது, அவ்வப்போது பின்னோக்கியும் ஓடுகிறது. ஒரே பகுதியை இரண்டாம் முறை படிக்கக் கொடுத்து அளந்தபோது, நிற்கும் நேரம் குறைவதையும், தாவல் நீள்வதையும், பின்னோக்கி ஓடுவது அருகுவதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதாவது சொற்களைப் புரிந்துகொள்ளச் செலவாகும் உழைப்பு குறைகிறது. மிச்சமாகும் கவனம் பேச்சின் சுவைக்கும் படத்தின் நுணுக்கத்துக்கும் போகிறது.

பழக்கம் பிடித்தத்தையும் வளர்க்கிறது. 1968-இல் ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர், பொருள் தெரியாத சொற்களையும் அறிமுகமற்ற முகங்களையும் மக்களுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் காட்டினார். அடிக்கடி கண்ணில் பட்டவையே அவர்களுக்குப் பிடித்துப்போயின. வேறு எந்த லாபமும் இல்லாமல், பார்த்துப் பழகியதே காரணமாக ஒரு விருப்பம் பிறக்கிறது என்பதை அந்தச் சோதனை காட்டியது.

முடிவு தெரிந்தால் ருசி போய்விடுமா?

‘முடிவைச் சொல்லிவிட்டால் கதையில் என்ன மிச்சம்?’ என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கலிபோர்னியாவைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டுச் சிலருக்கும், சொல்லாமல் சிலருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவை அறிந்து படித்தவர்களே சராசரியாக அதிகம் ரசித்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் முடிவை அறிந்தவர்களின் ரசனை சற்றுக் குறைந்ததும் உண்டு. ஆகவே இதை ஒரு விதியாக்க முடியாது. ஆனால் முடிவு தெரிந்த கணமே கதை செத்துவிடும் என்ற நம்பிக்கை அந்த ஆய்வோடு ஆட்டம் கண்டது.

இன்னும் வியப்பானது, முடிவு தெரிந்த பிறகும் மிஞ்சும் பதற்றம். ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1980-களின் இறுதியில் இதைச் சோதித்தார். எல்லோருக்கும் விளைவு தெரிந்த வரலாற்று நிகழ்வைக்கூட ஐயம் எழும்படி எழுதிக்கொடுத்தால், அது உண்மையா என்று சரிபார்க்க வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. கதைக்குள் இருக்கும்வரை மூளை தன் நினைவுக் கிடங்கை முழுதாகத் திறந்து பார்ப்பதில்லை என்று இதை விளக்கலாம். ராஜா வாயைத் திறக்கத்தான் போகிறார் என்று நூறு முறை படித்தவருக்கும் தெரியும். இருந்தும் ‘பேசாதே, பேசாதே’ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

எதிர்பார்ப்பிலேயே ஓர் இன்பம் உண்டு என்பதற்கு இசை ஆய்விலிருந்து ஒரு சான்று கிடைத்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர் குழுவினர் 2011-இல், தமக்கு மிகவும் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். உச்சகட்டம் வருவதற்குச் சற்று முன்பே மூளையின் ஒரு பகுதியில் டோபமின் சுரந்தது. உச்சத்தை எட்டும்போது வேறொரு பகுதியில் சுரந்தது. நன்கு தெரிந்த பாட்டில்தானே ‘இதோ வருகிறது’ என்று காத்திருக்க முடியும்? கதை வாசிப்பிலும் அப்படியே நடக்கிறது என்பதை இந்த ஒரு சோதனை நிறுவவில்லை. ஆனால் சிரிப்பு மூட்டும் வரி வருவதற்கு முந்தைய பக்கத்திலேயே உதட்டோரம் சிரிப்பு தொடங்கிவிடும் அனுபவம் மறுவாசகர்கள் எல்லோருக்கும் உண்டு.

பயமும் சிரிப்பும் சேருமிடம்

சரி, ஆறுதலுக்கு ஏன் பேய்? ‘சந்திரமுகி’யும் (2005) ‘காஞ்சனா’வும் (2011) தொலைக்காட்சியில் எத்தனையாவது முறை ஓடினாலும் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிறதே, அதற்குள் இருக்கிறது விடை. பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் நகைச்சுவைக்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஏதோ ஒன்று ஒழுங்கை மீற வேண்டும், மனத்தை உறுத்த வேண்டும். அதே நொடியில் அதனால் நமக்குக் கேடில்லை என்ற உணர்வும் வேண்டும். இரண்டும் ஒருசேர வந்தால் சிரிப்பு. பிணம் பேசுவது ஒழுங்கு மீறல். அது கடிக்காமல் கதை சொல்வதும், ராஜாவைக் கேலி செய்வதும், நியாயம் கேட்பதும் கேடின்மை.

முதல் வாசிப்பில் பயத்தின் தட்டு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். இது எங்கே போய் முடியும் என்று தெரியாது. மறுவாசிப்பில் கேடில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடுகிறது. அதனால் அதே பக்கம் கூடுதலாகச் சிரிக்க வைக்கிறது.

டென்மார்க்கில் மாத்தியாஸ் கிளாசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், காசு கொடுத்துப் பயப்படப் போகும் ‘பேய் வீடு’ ஒன்றில் பார்வையாளர்களின் இதயத் துடிப்பை அளந்து 2020-இல் வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் ரசிக்க முடியவில்லை, மிகக் கூடினாலும் ரசிக்க முடியவில்லை. நடுவிலுள்ள அளவில்தான் இன்பம் உச்சத்தில் இருந்தது. அறிந்த பேய்க்கதை அந்த நடு அளவைத் தேடிக்கொள்ள உதவுகிறது. எந்தப் பக்கத்தை மெதுவாகப் படிப்பது, எதைத் தாண்டுவது, எங்கே மூடி வைப்பது என்பது வாசகரின் கையில் இருக்கிறது. புயலின் மேல் யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. தன்னால் நிறுத்த முடிகிற ஒரு பயத்தைக் கையில் எடுப்பது, நிறுத்த முடியாத பயத்தின் நடுவே மனம் கண்டுபிடித்துக்கொள்ளும் நல்ல உபாயம். கோவிட் காலத்தில், திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களிடம் மன உளைச்சல் சற்றுக் குறைவாக இருந்ததாக 2021-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. படம் பார்த்ததால் உளைச்சல் குறைந்ததா, இயல்பிலேயே திடமானவர்கள்தான் அத்தகைய படங்களை நாடுகிறார்களா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. தொடர்பு இருக்கிறது என்பதுவரை சரி.

தாளில் வாழும் சுற்றம்

தமிழ் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. வார இதழ்களில் வரும் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, வாரக்கணக்கில் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்து காலிகோ அட்டை போட்டு வைப்பார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடங்கித் தொடராக வந்தபோதும் அப்படிச் சேர்த்தவர்கள் ஏராளம். ஒருமுறை படித்தால் போதும் என்று நினைப்பவர் எதற்கு பைண்டு செய்கிறார்? வந்தியத்தேவனை ஆண்டுதோறும் ஒருமுறை சந்திக்கத்தான்.

இந்தச் சந்திப்புக்கும் ஆய்வுச் சான்று உண்டு. ஜே டெரிக், ஷிரா கேப்ரியல் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனிமையாக உணரும் மக்கள் தமக்குப் பிடித்த தொலைக்காட்சித் தொடர்களை நாடுகிறார்கள். அவற்றை நினைத்துக்கொள்வதே புறக்கணிப்பின் வலியைச் சற்றுத் தணிக்கிறது. டெரிக் 2013-இல் இன்னொன்றைக் கண்டார். மனவலிமையைச் செலவழித்துக் களைத்தவர்கள் புதிய கதையைவிடப் பழகிய கதையுலகத்தையே தேடிப் போனார்கள். அங்கே போய்வந்தபின் அவர்களின் களைப்பும் குறைந்தது. உண்மையான உறவுகள் நம்மிடம் எதையாவது எதிர்பார்க்கும், பதில் கேட்கும், கோபித்துக்கொள்ளும். விக்கிரமாதித்தனும் அவர் மந்திரி பட்டியும் எதையும் கேட்பதில்லை. களைத்துப்போன மனிதருக்குச் சில மணி நேரம் அப்படிப்பட்ட துணை தேவைப்படுகிறது.

வாய்மொழிக் கதை மரபு இதை ஆய்வுக்கூடங்களுக்கு வெகு முன்பே அறிந்திருந்தது. கனகசெட்டிக்குளத்துக்கு அருகே காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில்தான் கி. ராஜநாராயணன் பணியாற்றினார், நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தார், 2021-இல் புதுவையிலேயே காலமானார். அவர் திரட்டிய அந்தக் கதைகள் எல்லாம் பலமுறை சொல்லப்பட்டும் கேட்கப்பட்டும்தான் உயிரோடு இருந்தன. பாட்டி சொல்லும் கதையில் ஒரு வரி விட்டுப்போனால் பேரன் எடுத்துக் கொடுப்பான். அவனுக்குக் கதை தெரியும். தெரிந்ததைச் சரியாகச் சொல்கிறாளா என்று கேட்பதில்தான் அவனுக்கு ஆனந்தம்.

கட்டிலோரத்துக் கதை

அந்தப் பேரன் அதனால் கற்கவும் செய்கிறான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கதைகள் வழியாகப் புதுச்சொற்களை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே கதைகள் திரும்பத் திரும்ப. இன்னொரு பிரிவுக்கு வெவ்வேறு கதைகள். புதுச்சொல் காதில் விழுந்த எண்ணிக்கை இரு பிரிவுக்கும் ஒன்றே. ஒரே கதையைக் கேட்ட குழந்தைகளே சொற்களை நன்றாகக் கற்றார்கள். கதை தெரிந்துவிட்டதால், கவனம் சொல்லின்மேல் போக முடிந்தது. ‘நேற்றுச் சொன்ன கதையையே சொல்லு’ என்று குழந்தை அடம்பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நோயுற்ற குழந்தைகளிடம் கதை என்ன செய்கிறது என்பதைப் பிரேசிலில் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கதை சொன்னார்கள். மற்றவர்களோடு விடுகதை விளையாடினார்கள். இரு பிரிவிலும் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்தது, அன்புப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் கூடியது, வலி தணிந்தது. கதை கேட்டவர்களிடம் மாற்றம் அதிகமாக இருந்தது. அவை மறுபடி கேட்ட கதைகள் என்று ஆய்வு சொல்லவில்லை. இருந்தாலும் வேதாளத்தின் முறையே கதையும் விடுகதையும் சேர்ந்ததுதானே என்று நினைக்கும்போது, இந்த மருந்து நம் வீட்டு அலமாரியிலேயே இருப்பது தெரிகிறது. காலாப்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிள், ஹார்லிக்ஸோடு, நோயாளி முன்பே விரும்பிப் படித்த புத்தகம் ஒன்றையும் எடுத்துப் போகலாம்.

எல்லை எங்கே?

மறுவாசிப்பு எல்லாவற்றையும் குணமாக்கும் என்று சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய மக்களிடம், குறிப்பாகக் கல்லூரி மாணவர்களிடம் நடந்தவை. நம் ஊர் வாசகர்களிடம் நேராகச் செய்து பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆறுதல் தரும் எதுவும் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் மாறலாம். புத்தகத்தை மூடியபின் வேலைக்கும் மனிதர்களிடமும் திரும்பத் தெம்பு கிடைக்கிறதா, அல்லது திரும்பவே மனம் வராமல் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. மைய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

அதே கதை, வேறு வாசகர்

ஒரே கதையை மறுபடி படிப்பது ஒரே அனுபவத்தை மறுபடி பெறுவதுதான் என்று நினைக்கிறோம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓ’பிரையன் 2019-இல் இதைச் சோதித்தார். அருங்காட்சியகம், திரைப்படம், விளையாட்டு என ஒருமுறை அனுபவித்ததை மறுபடி அனுபவித்தால் எவ்வளவு ரசிப்பீர்கள் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார். மக்கள் சலிக்கும் என்றே மதிப்பிட்டார்கள். செய்து பார்த்தபோது நினைத்ததைவிட அதிகம் ரசித்தார்கள், ஏனென்றால் முதல் முறை கண்ணில் படாதவை அங்கே நிறைய இருந்தன.

வேதாளம் சொல்லும் தலைமாறிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் கணவனும் அவள் அண்ணனும் (சில வடிவங்களில் கணவனின் நண்பன்) காளி கோயிலில் தம் தலைகளைத் தாமே வெட்டிக்கொள்கிறார்கள். தேவி இரங்கி உயிர் தர முன்வருகிறாள். பதற்றத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இப்போது யார் அவள் கணவன்? உறுப்புகளில் தலையே முதன்மை, கணவனின் தலையைத் தாங்கியவனே கணவன் என்று ராஜா தீர்ப்பளிக்கிறார். பத்து வயதில் படித்தால் இது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் குழப்பம். மணமான பிறகு படித்தால் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பார்க்கத் தோன்றும். வீட்டில் ஒருவர் நினைவை இழந்து வருவதைக் கண்டவர் படித்தால், உடல் அதுவே, ஆள் அவரா என்ற கேள்வி வந்து உறுத்தும். எழுத்தாளர்கள் தாமஸ் மன்னையும் கிரீஷ் கர்னாடையும் தத்தம் நூல்களுக்காக இந்தக் கதையிடம் வரவைத்தது அந்தக் கேள்விதான். சொற்கள் மாறவில்லை. வாசகர் எவ்வளவு மாறியிருக்கிறார் என்பதை அளக்க, மாறாத அந்தச் சொற்கள்தான் உதவுகின்றன. கிறிஸ்டல் ரசலும் சிட்னி லெவியும் 2012-இல், ஒரே நூலையும் படத்தையும் இடத்தையும் தேடித் திரும்புகிறவர்களிடம் நீண்ட நேர்காணல் எடுத்தபோது கண்டதும் இதுவே: பழைய படைப்பின் முன்னால் தம் பழைய முகத்தையும் இன்றைய முகத்தையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வேதாளம் கேட்கும் கடைசிப் புதிர் உறவுமுறை பற்றியது. ஒரு தந்தை இளவரசியையும், அவர் மகன் அந்த இளவரசியின் தாயையும் மணந்துகொண்டால், இரு தம்பதியருக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? ராஜாவுக்கு விடை தெரியவில்லை. தெரியாததால் பேசவில்லை. பேசாததால் வெல்கிறார். அத்தனை புதிர்களுக்கும் விடை மனப்பாடமான மறுவாசகரும் அந்தப் பக்கத்துக்கு வரும்போது விரல்விட்டு எண்ணி, சித்தப்பா, பேரன், மாமன் என்று முறை வைத்துப் பார்த்து, மறுபடி சிக்கிக்கொள்கிறார். அச்சத்தைத் தணிக்க உறுதியானதொரு கதையும், அறிவு சும்மா இராதபடி தீராததொரு கேள்வியும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக அது கை மாறிக்கொண்டே வருவதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை. ‘படித்ததையே எத்தனை தடவை படிப்பாய்?’ என்று வீட்டில் யாரையாவது கேட்கத் தோன்றினால், அதற்குப் பதிலாக, இந்த முறை அவருக்கு எந்த இடம் புதிதாகத் தெரிந்தது என்று கேளுங்கள். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்.